மீதிங்க்ஸ்: ‘நினைக்கிறேன்’ அல்ல, ‘எனக்குத் தோன்றுகிறது’

கேள்வி | பிப்ரவரி 3, இரவு 9:40

எம்.ஏ. ஆங்கிலம் முதல் வருடம். ஷேக்ஸ்பியரில் அடிக்கடி ‘மீதிங்க்ஸ்’ வருகிறது. கைடில் ‘ஐ திங்க்’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். அப்படியானால் ‘ஐ’ வரவேண்டிய இடத்தில் ‘மீ’ எப்படி வந்தது? ‘திங்க்’ பின்னால் எஸ் எதற்கு? அந்தக் காலத்தில் இலக்கணமே உறுதிப்படவில்லை, அவரவர் இஷ்டத்துக்கு எழுதினார்கள் என்கிறான் ரூம்மேட். யாராவது விளக்குங்கள்.

பிப்ரவரி 3, இரவு 10:25

ரூம்மேட் சொல்வது தவறு. இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. நாம்தான் அதை இன்றைய ஆங்கிலத்தின் இலக்கணமாக நினைத்துப் படிக்கிறோம்.

இதில் வருகிற ‘திங்க்’ நீங்கள் நினைக்கிற ‘திங்க்’ அல்ல. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று ‘தென்ச்சன்’, அதாவது நினைத்தல். மற்றது ‘துன்ச்சன்’, அதாவது தோன்றுதல். (இரண்டாவதில் வருவது நம் உகரம் அல்ல. நாக்கை இகரத்துக்கு வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் குவித்தால் வரும் ஒலி.) மீதிங்க்ஸில் இருப்பது இந்த இரண்டாவது வினை.

‘மீ’ என்பது ‘எனக்கு’. நான்காம் வேற்றுமை. ‘திங்க்ஸ்’ என்பது ‘தோன்றுகிறது’. படர்க்கை ஒருமை, அதனால்தான் எஸ். சேர்த்துப் படித்தால் ‘எனக்குத் தோன்றுகிறது’. ஒரு எழுத்துகூட மிச்சமில்லாமல் தமிழோடு பொருந்துகிறது. ‘தோன்றுகிறேன்’ என்று ஏன் சொல்வதில்லை என்று நாம் கேட்பதில்லையே. தோன்றுவது நான் அல்ல, எனக்கு ஏதோ தோன்றுகிறது.

பிப்ரவரி 4, காலை 6:50

இரண்டு வினைகளும் ஏன் ஒன்றாகிவிட்டன என்று கீழே கேட்டிருக்கிறார்கள். ஒலிதான் காரணம். இடைக்கால ஆங்கிலத்தில் அந்தக் குவிந்த ஒலி பெரும்பாலான வட்டாரங்களில் சாதாரண இகரமாகிவிட்டது. இன்னொரு பக்கம் ‘தென்ச்சன்’ என்பதில் உள்ள எகரமும் இகரமாக மாறியது. இறந்தகாலத்தில் ஒன்று ‘தூஹ்டெ’, மற்றது ‘தோஹ்டெ’. அவையும் ஒன்றாகி இன்றைய ‘தாட்’ ஆயின. காதுக்கு இரண்டும் ஒன்றானபின், தோன்றுதல் என்ற வினை நினைத்தல் என்ற வினைக்குள் போய் மறைந்துவிட்டது. தப்பித்தது ‘மீதிங்க்ஸ்’, ‘மீதாட்’ என்று ‘மீ’யோடு ஒட்டிக்கொண்ட வடிவங்கள்தான்.

கவிஞர் சாசர் காலத்தில், அதாவது 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ‘ஹிம் தாட்டெ’ (அவனுக்குத் தோன்றியது), ‘ஹெம் தாட்டெ’ (அவர்களுக்குத் தோன்றியது) எல்லாம் புழக்கத்தில் இருந்தன. கேண்டர்பரி கதைகளின் முன்னுரையில் அவரே ‘மீ திங்கெத்’ என்று, இரண்டு சொல்லாக, எத் விகுதியோடு எழுதுகிறார்.

அந்த எத் விகுதியைப் பற்றி: தெற்கத்தி வழக்கு எத், வடக்கத்தி வழக்கு எஸ். வடக்கு வென்றது. அதனால் ‘மீதிங்கெத்’, ‘மீதிங்க்ஸ்’ இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு வட்டார உடைகள். ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்ற பள்ளி ஆசிரியர் 1643-இல் எழுத்துக்கூட்டல் பற்றி எழுதும்போது, எழுதுவது ‘லீடெத்’ என்றாலும் வாயில் வருவது ‘லீட்ஸ்’தான் என்கிற பொருளில் குறித்து வைத்திருக்கிறார். நாம் ‘இருக்கிறது’ என்று எழுதி ‘இருக்கு’ என்று படிப்பவர்கள், இது நமக்குப் புரியும்.

பிப்ரவரி 4, மதியம் 1:15

“அப்படியானால் மீ ஹங்க்ரி, மீ கோ என்று குழந்தைகள் சொல்வதும் இதுவும் ஒன்றா?” இல்லை. குழந்தை ‘ஐ’க்குப் பதில் ‘மீ’ சொல்கிறது. இங்கே ‘மீ’ எழுவாயே இல்லை.

ஆனால் ‘ஹங்க்ரி’யை இழுத்தது நல்லதாகப் போயிற்று. பழைய ஆங்கிலத்தில் பசிக்கும் இதே கட்டமைப்பு உண்டு. மத்தேயு 25:35-இன் பழைய ஆங்கில வடிவத்தில் ‘மே ஹிங்க்ரோடெ’ என்று இருக்கிறது. எனக்குப் பசித்தது. அடுத்து ‘மே துர்ஸ்டெ’, எனக்குத் தாகம் எடுத்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துத் துறவி மடத்தில் எழுதினது, நம் வீட்டில் பேசுகிற மாதிரியே இருக்கிறது.

இப்போது நம் தமிழ் வேதாகமத்தை எடுத்து அதே வசனத்தைப் பாருங்கள். ‘பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்.’ பசியாயிருந்தேன்! தன்மை ஒருமை. மூலத்தில் கிரேக்கம் தன்மை வினையாக வைத்திருப்பதை ஒட்டிப் போயிருக்கிறார்கள். ‘எனக்குப் பசித்தது’ என்று சொல்ல நமக்குத் தடையே இல்லை, ஆனாலும் அச்சில் இருப்பது இது. இம்மியும் மாறாமல் நான்காம் வேற்றுமையை வைத்தவன் பழைய ஆங்கிலத்துக்காரன். இதை முதன்முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு இரவு தூக்கம் போயிற்று.

பிப்ரவரி 4, இரவு 11:05

ராஜாவும் பேரிக்காயும் பற்றிச் சொல்லாமல் இந்த இழை நிறைவாகாது. டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் பாடம் சொல்ல ஒரு வாக்கியத்தைக் கோத்தார்: ‘தாம் கிங்கெ லீகொடொன் பெரன்’. சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால்: ராஜாவுக்கு, பிடித்தன, பேரிக்காய்கள்.

வினையைக் கவனியுங்கள். ராஜா ஒருவர், பேரிக்காய் பல. வினை பன்மை. அதாவது வினை பேரிக்காயோடு ஒத்துப்போகிறது, ராஜாவோடு அல்ல. தமிழிலும் ‘ராஜாவுக்குப் பேரிக்காய்கள் பிடித்தன’ என்றுதான் எழுதுகிறோம். ‘பிடித்தார்’ என்று எழுதினால் ராஜா மரத்தடியில் நின்று விழுகிற பழத்தைக் கையில் பிடித்ததாகிவிடும்.

பிறகு என்ன நடந்தது? ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களின் வேற்றுமை உருபு உதிர்ந்துவிட்டது. ‘ராஜாவுக்கு’ வெறும் ‘ராஜா’ ஆயிற்று. அடுத்து வினையின் பன்மை விகுதியும் உதிர்ந்தது. மிஞ்சியது ‘ராஜா – பிடி – பேரிக்காய்’ என்ற மூன்று மொட்டைச் சொற்கள். வாக்கியத்தில் முன்னால் நிற்பவனே எழுவாய் என்ற பழக்கம் அதற்குள் ஊன்றிவிட்டதால், ராஜா எழுவாயாகிவிட்டார். ‘தி கிங் லைக்ட் பேர்ஸ்’. பேரிக்காய் ராஜாவுக்கு இனித்த காலம் போய், ராஜா பேரிக்காயை விரும்புகிற காலம் வந்தது. வினையின் பொருளே திசை மாறிவிட்டது: ‘லைக்’ முதலில் ‘பிடித்தமாயிருத்தல்’, பிறகு ‘விரும்புதல்’.

நம்முடைய ‘கு’ உதிரவில்லை. ஆகவே ‘பிடிக்கும்’, ‘தெரியும்’, ‘பசிக்கிறது’, ‘வலிக்கிறது’, ‘தோன்றுகிறது’ எல்லாம் அப்படியே நிற்கின்றன.

பெயர்ச்சொல் உருபை இழந்தாலும் ஆங்கிலத்தில் மாற்றுப்பெயர்கள் இழக்கவில்லை. ‘ஐ’ வேறு, ‘மீ’ வேறு என்று இன்றும் இருக்கிறது. மீதிங்க்ஸ் பிழைத்துக் கிடந்ததற்கு இது ஒரு காரணம்.

பிப்ரவரி 5, மாலை 5:30

‘தி லேடி டத் ப்ரொடெஸ்ட் டூ மச், மீதிங்க்ஸ்.’ எதிர்பார்த்தேன், யாராவது கொண்டுவருவார்கள் என்று. மூன்று பேர் கொண்டுவந்திருக்கிறார்கள், மூவரும் மீதிங்க்ஸை முன்னால் போட்டு. அது கடைசியில் வருவது. ஹாம்லெட் 3-ஆம் அங்கம் 2-ஆம் காட்சி. நாடகத்துக்குள் நடக்கும் நாடகத்தைப் பார்த்துக்கொண்டே ஹாம்லெட்டின் அம்மா கெர்ட்ரூட் சொல்வது.

‘ப்ரொடெஸ்ட்’ அங்கே மறுத்தல் அல்ல, சத்தியம் செய்தல். மேடையில் ராணி வேஷம் கட்டியவள், புருஷன் செத்தால் மறுமணம் செய்யவே மாட்டேன் என்று அடுக்கடுக்காகச் சத்தியம் செய்கிறாள். புருஷன் போன கையோடு கொழுந்தனை மணந்துகொண்ட கெர்ட்ரூட், அதைப் பார்த்து, ‘அந்த அம்மாள் கொஞ்சம் அதிகமாகவே சத்தியம் பண்ணுகிறாள் என்று தோன்றுகிறது எனக்கு’ என்கிறாள். இன்று எதையாவது அழுத்தி மறுப்பவரைக் குத்திக்காட்ட இந்த வரியைப் பயன்படுத்துவது பிற்கால வழக்கம்.

இன்னொரு விஷயம். 1604–05-இல் வந்த இரண்டாம் குவார்ட்டோவில் (நாடகத்தின் தனிப் பதிப்பு) ‘டத் ப்ரொடெஸ்ட்’ இருக்கிறது. 1623 ஃபோலியோவில் (நாடகங்களின் தொகுப்புப் பதிப்பு) வெறும் ‘ப்ரொடெஸ்ட்ஸ்’. அசை எண்ணிப் பாருங்கள். டத் இருந்தால் பத்து அசை, வரி சீராக நடக்கிறது. டத் இல்லாவிட்டால் ஒன்பது, ஒரு இடத்தில் கால் இடறுகிறது. ‘டத்’துக்கு அங்கே தனிப்பொருள் கிடையாது, அழுத்தமும் கிடையாது. நம் செய்யுளில் அசைநிலை வருகிற மாதிரி. இரண்டு அச்சிலும் ‘மீ திங்க்ஸ்’ பிரித்துத்தான் அச்சாகியிருக்கிறது. சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவது பின்னால் நிலைபெற்றது.

பிப்ரவரி 5, இரவு 9:55

முந்தாநாள் ‘தோன்றுகிறது’ என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போனேன். அதை விரிக்க வேண்டும். தமிழில் தோன்றுதலுக்கு இரண்டு பக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரிவதும் தோன்றுவது, மனதில் எழுவதும் தோன்றுவது. மீதிங்க்ஸுக்கும் அந்த இரண்டு பக்கமும் உண்டு.

அதே ஹாம்லெட், 1-ஆம் அங்கம் 2-ஆம் காட்சி. ‘என் அப்பா... மீதிங்க்ஸ் ஐ சீ மை ஃபாதர்’ என்கிறான். எதிரில் நிற்கும் ஹொரேஷியோ, செத்துப்போன ராஜாவின் ஆவியைக் கோட்டைக் காவலில் கண்ணால் பார்த்துவிட்டு அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான். பதறிப்போய் ‘எங்கே, பிரபு?’ என்று கேட்கிறான். மனக்கண்ணில், என்கிறான் ஹாம்லெட்.

இங்கே ‘நான் நினைக்கிறேன், அப்பாவைப் பார்க்கிறேன் என்று’ எனத் தமிழாக்கினால் ஹொரேஷியோ பதற வேண்டிய அவசியமே இல்லை. ‘அப்பா கண்ணெதிரே தெரிகிற மாதிரி இருக்கிறது’ என்றால்தான் அவன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்புவான். ஒரு காட்சியே இந்த ஒரு சொல்லில் நிற்கிறது. கைடுகளில் ‘ஐ திங்க்’ என்று போடுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த மாதிரி இடங்களில்தான்.

பிப்ரவரி 6, காலை 7:20

மீதாட் பற்றித் தனியாக.

இறந்தகால வடிவம் அதிகம் வருவது கனவிலும் பிரமையிலும். ராஜா டங்கனைக் கொன்றுவிட்டு வந்த மேக்பெத், ‘இனித் தூக்கம் இல்லை’ என்று ஒரு குரல் கூவியதாகச் சொல்லும்போது மீதாட். ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் நெசவாளி பாட்டம் கழுதைத்தலை நீங்கி விழித்தபின் தான் என்னவாக இருந்தேன் என்று சொல்ல முயன்று தடுமாறும்போது மீதாட், மீதாட் என்று திரும்பத் திரும்ப. பார்வை இழந்த மில்டன், இறந்துபோன மனைவியைக் கனவில் கண்டதை எழுதிய சானெட்டின் (பதினான்கு வரிக் கவிதை) முதல் சொல்லே மீதாட்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தொகுப்புக்காக மேக்பெத்தின் அந்த இரவுக் காட்சியைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ‘ஒரு குரல் கூவிய மாதிரி இருந்தது’ என்று எழுதியிருந்தேன். அச்சில் ‘ஒரு குரல் கூவியது என்று நினைத்தேன்’ என்று வந்தது. மெய்ப்பு பார்த்தவர் மூலத்தில் ‘தாட்’ இருப்பதைப் பார்த்து மாற்றியிருந்தார். என்னிடம் கேட்கவில்லை.

தமிழில் ‘நினைத்தேன்’ என்பது என்ன சொல்கிறது? ‘மழை வருதுன்னு நெனச்சேன்’ என்றால் வரவில்லை என்று அர்த்தம். ‘நீ ஊருக்குப் போயிட்டேன்னு நெனச்சேன்’ என்றால் நீ போகவில்லை. நினைப்பு பொய்த்துவிட்டது என்பது அந்த இறந்தகாலத்திலேயே அடக்கம். மேக்பெத் ‘குரல் கேட்டது என்று நினைத்தேன்’ என்று சொன்னால், குரல் இல்லை என்று அவனே தீர்ப்பு சொல்லிவிட்டான். பிறகு எதற்கு நடுங்குகிறான்? ‘கூவிய மாதிரி இருந்தது’ என்றால் குரல் இருந்ததா இல்லையா என்பது திறந்தே கிடக்கிறது. அவனைக் கொல்வது அந்தத் திறப்புதான். மீதாட் தருவதும் அதைத்தான்.

இரண்டாம் பதிப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 6, காலை 7:35

விட்டுப்போனது: ‘மீதாட்ஸ்’ என்றும் ஒரு வடிவம் உண்டு. அச்சுப்பிழை என்று யாரும் திருத்த வேண்டாம். மீதிங்க்ஸில் இருக்கும் எஸ்ஸைப் பார்த்து இறந்தகாலத்துக்கும் ஒட்டவைத்தது. ஃபோலியோவிலேயே, ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தில் கிளாரன்ஸ் தன் கனவைச் சொல்லும் இடத்தில் இருக்கிறது. அங்கேயும் கனவுதான்.

பிப்ரவரி 7, இரவு 8:10

“வீசல் ப்ரோக்ராம் பற்றிச் சொல்லுங்கள் சார், கம்ப்யூட்டர் வகுப்பில் கேள்விப்பட்டேன்.”

இழையை விட்டு விலகல்தான், ஆனாலும் நல்ல விலகல். உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1986-இல், பரிணாமத்தில் படிப்படியான தேர்வு எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று காட்ட, ஹாம்லெட்டின் ‘மீதிங்க்ஸ் இட் இஸ் லைக் எ வீசல்’ என்ற வரியை இலக்காக வைத்தார். இடைவெளிகளோடு 28 இடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் 26 எழுத்தும் ஒரு வெற்றிடமும் ஆக 27 வாய்ப்பு. குருட்டாம்போக்கில் ஒரே தட்டில் இந்த வரி விழ வேண்டுமானால் 27-ஐ 28 தடவை பெருக்கி வருகிற எண்ணில் ஒரு பங்குதான் வாய்ப்பு; பிரபஞ்சத்தின் வயதுக்குள் நடக்காது. ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் இலக்குக்குக் கொஞ்சம் கிட்டே இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பிழையோடு நகல் எடுத்துப் போனால் சில பத்துத் தலைமுறைகளில் வரி வந்துவிடுகிறது. இலக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது இயற்கையில் இல்லாத ஒன்று என்பதை அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த வரி நாடகத்தில் எங்கே வருகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. ஹாம்லெட் மேகத்தைக் காட்டி, அது ஒட்டகம் மாதிரி இல்லை? என்கிறான். ராஜாவின் மந்திரி பொலோனியஸ் ஆமாம், ஒட்டகமேதான் என்கிறார். வீசல் மாதிரித் தோன்றுகிறதே எனக்கு, என்கிறான் (கீரியை ஒத்த சின்ன விலங்கு). ஆமாம், முதுகு வீசல் முதுகுதான் என்கிறார். இல்லை திமிங்கிலமா? திமிங்கிலமேதான். ராஜாவுக்கு ஆமாம் போட்டே வயதான மனிதர், எந்த மிருகத்துக்கும் மறுப்பு சொல்லவில்லை. மேகத்தைப் பார்த்து ‘இது இன்னதாகத் தோன்றுகிறது’ என்பதைவிட அந்த வினைக்குப் பொருத்தமான இடம் வேறு என்ன இருக்கிறது?

பிப்ரவரி 8, மதியம் 12:40

‘மீதிங்க்ஸ் = கொல்’ என்ற யோசனை: சங்கத் தமிழ், குறளில் வரும் ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’. ஒப்புக்கொள்ள மாட்டேன். கொல் ஐயத்தில் கேட்பது. இதுவா, அதுவா, எதுவோ என்று. மீதிங்க்ஸ் கேட்பதில்லை, பட்டதைச் சொல்கிறது. கிட்டே வருவது ‘போலும்’. அது வாக்கியத்தின் கடைசியில் நிற்பதும், கெர்ட்ரூட் வாயில் மீதிங்க்ஸ் கடைசியில் நிற்பதும் ஒரே வாகு. ஆனால் போலும் என்பதில் ‘எனக்கு’ இல்லை. கெர்ட்ரூட்டுக்கு அந்த ‘எனக்கு’ வேண்டும். மகன் கேட்டது அவளுடைய அபிப்பிராயத்தை.

பிப்ரவரி 9, காலை 10:15

பைபிளில் உண்டா என்றவருக்கு: 1611 ஆங்கில வேதாகமம், 2 சாமுவேல் 18:27. ‘மீ திங்கெத்’. தாவீது வாசலில் மகனைப் பற்றிய செய்திக்காகக் காத்திருக்கிறான். மேலே நிற்கும் காவற்காரன், தூரத்தில் ஓடிவருகிறவர்களில் முன்னால் வருபவனின் ஓட்டத்தைப் பார்த்து, அகிமாசின் ஓட்டம் மாதிரித் தெரிகிறது என்கிறான். முகம் தெரியாத தூரம். ஓட்டத்தின் சாயலை வைத்து ஆளைச் சொல்கிறான். இதற்கும் ‘ஐ திங்க்’ போதாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 11, இரவு 10:30

வேலையில் நெதர்லாந்துக்காரர் ஒருவரோடு மெயிலில் பேச வேண்டியிருக்கும். போன வாரம் தன் சகாவுக்கு டச்சில் எழுதிய வரியை எனக்கும் அனுப்பிவிட்டார். கடைசியில் ‘மெ டுங்க்ட்’ என்று இருந்தது. அதே சொல், அப்படியே உயிரோடு. கேட்டேன், கொஞ்சம் அடித்துப் பேசும்போது சொல்வோம், ‘அது சரிதானே, எனக்குப் படுகிறது’ என்கிற தொனியில், என்றார். டச்சில் நினைத்தல் ‘டெங்கன்’, தோன்றுதல் ‘டுங்கன்’. கலக்கவே இல்லை. ஜெர்மனில் ‘மிஷ் ட்யுங்க்ட்’ உண்டு, பழைய நடை. ஐஸ்லாந்தில் ‘மியெர் திகிர்’ அன்றாடப் பேச்சு. ஸ்வீடிஷ் ஆங்கிலத்தின் வழியிலேயே போய் ‘யாக் டிக்கெர்’, நான் கருதுகிறேன், என்று ஆளை எழுவாயாக்கிவிட்டது. ஒரே வேரிலிருந்து வந்தவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரம் நடந்திருக்கின்றன.

நம் பக்கம் பார்த்தால் மலையாளத்தில் ‘எனிக்கு தோன்னுன்னு’, இந்தியில் ‘முஜே லக்தா ஹை’. குடும்பம் வேறானாலும் கட்டமைப்பு ஒன்று. ஆகவே இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் ஷேக்ஸ்பியர் நடத்துகிறவருக்கு மீதிங்க்ஸை விளக்க ஒரு நிமிடம் போதும், பிள்ளைகளின் தாய்மொழியைக் கேட்டாலே வந்துவிடும். ஆங்கிலத்தை ஆங்கிலத்தில்தான் விளக்க வேண்டும் என்று வகுப்பில் தாய்மொழியை வெளியே நிறுத்துவதால் இந்த வசதியை இழக்கிறோம்.

பிப்ரவரி 12, காலை 8:05

கேள்வி கேட்ட மாணவர் மறுபடி வந்திருக்கிறார்: பரீட்சையில் என்ன எழுதுவது, நானே ஆங்கிலத்தில் எழுதும்போது பயன்படுத்தலாமா?

பரீட்சையில் ‘இட் சீம்ஸ் டு மீ’ என்று எழுதுங்கள். அதுதான் சரியான பொருள், எந்தத் திருத்துபவரும் மறுக்க முடியாது. மீ நான்காம் வேற்றுமை, வினை படர்க்கை என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

சொந்த எழுத்தில்: இன்றைய ஆங்கிலத்தில் இது பத்திரிகைப் பத்திகளில், கொஞ்சம் விளையாட்டாக, பழைய வாசனைக்காக வருகிறது. பயன்படுத்தினால் ‘ஐ மீதிங்க்ஸ்’ என்று எழுதாதீர்கள். ‘நான் எனக்குத் தோன்றுகிறது’ என்றாகிவிடும். எஸ்ஸை விட்டு ‘மீதிங்க்’ என்றும் எழுதாதீர்கள். ‘ஹீதிங்க்ஸ்’ கிடையாது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது வேண்டவே வேண்டாம்.

‘மீசீம்ஸ்’ என்று ஒன்று இருக்கிறதே என்றவருக்கு: ஆமாம், இருக்கிறது. அதே பொருள், ‘சீம்’ என்ற வினையை வைத்து அதே அச்சில் வார்த்தது. மீதிங்க்ஸ் அளவுக்குப் புழங்கவில்லை. ‘மீ லிஸ்ட்’ (எனக்கு விருப்பம்) பற்றி யாராவது எடுத்துக்காட்டுகளோடு எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.